அறிமுகம் முடிந்த பிறகே கதை

லஸ்ஸில் டிராம் ஏறி மவுண்ட் ரோடு போய்ச் சேருவதற்குள், தனக்கு முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வலது பக்கத்தில் இருந்தவரிடம் ஊர் என்ன, உத்தியோகம் என்ன என்று கேட்பார். அப்படியே இடது பக்கம் திரும்பி, "சார், இவர் கடிகாரம் ரிப்பேர் பார்க்கறவர், நுணுக்கமான மெஷினரி" என்பார். இறங்கும்போது அந்த இரண்டு பேரும் சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தான் இறங்க வேண்டிய இடத்தை எப்போதோ தாண்டிவிட்டார். நடந்து திரும்பினார். நடுவில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் யார் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

எங்கள் சங்கத்தில் அவரைச் செக்ரெட்டரி என்று கூப்பிடுவோம். பெயரை எழுதினால் எங்கிருந்தாவது வந்து பென்சிலால் அடித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. ஒரே ஒரு தடவை அவரை நாலு பேருக்கு முன்னால் அறிமுகம் செய்துவைக்க எழுந்து நின்றேன். முடிக்க விடவில்லை. யார் விடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கச்சேரி ரோடில் ஒரு பிரஸ்ஸில் அவருக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேசம், உபநயனம், கருமாதி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது மாமனார் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் புரூஃபை எடுத்துக்கொண்டு நான் போனேன். என் மாமனார் அபிராமபுரத்தில் பேர் சொன்னால் தெரிகிற வக்கீல். அந்தப் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் எல்லார் பெயருக்குப் பின்னாலும் பட்டம் இருந்தது. செத்துப்போன பெரியப்பாவுக்குக்கூட ரிடையர்டு தாசில்தார் என்று போட்டிருந்தது.

செக்ரெட்டரி காதிலிருந்து பென்சிலை எடுத்து வரிவரியாகப் பார்த்துவிட்டு, "உங்க பேருக்குப் பின்னால என்னம்மா போடணும்?" என்று கேட்டார்.

"என் பேரே இதுல இல்லையே" என்றேன்.

"அது தெரியுது. இருந்தா என்ன போடணும்?"

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அபிராமபுரத்தில் நான் வக்கீலாத்து மாட்டுப்பொண்ணு. என் அப்பா கடன் வாங்காத குறையாகப் படிக்கவைத்த படிப்பு, டிரங்க் பெட்டியில் கூரைப் புடவைக்கு அடியில் கிடந்தது. "பி.எஸ்ஸி., ஃபிஸிக்ஸ்" என்றேன், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். சும்மா நிற்கவில்லை, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஏனோ அழுகையும் வந்தது, நடுத்தெருவில், மானம் போக.

அந்தப் பத்திரிகைக் கட்டுகள் வந்து சேர்ந்தபோது சிப்பத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். இங்கிலீஷ் கதைப் பத்திரிகை. யுத்தத்துக்கு வந்த அமெரிக்கச் சோல்ஜர்களும் கப்பல்காரர்களும் படித்துவிட்டுப் போட்டதைப் பழைய காகிதக்காரனிடம் எடை போட்டு வாங்கி, பிரஸ்ஸில் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் காகிதத்தில் ஒரு மனுஷன் வியாழக் கிரகத்தின் நிலா ஒன்றில் தனியாக மாட்டிக்கொண்டு, மூச்சு விடக் காற்று இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்து, ராக்கெட்டின் கதவைத் திறக்கப் போனான். அங்கே காகிதம் முடிந்துவிட்டது. எனக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை.

மறுநாளே பிரஸ்ஸுக்கு ஓடினேன். "மிச்சம் எங்கே?"

செக்ரெட்டரி ஒரு நோட்டைப் புரட்டினார். யார் சிப்பத்துக்கு எந்தக் காகிதம் போனது என்று அந்த மனுஷன் எழுதி வைத்திருந்தார்! "நடுப்பக்கம் மந்தைவெளி சோடா நாயக்கர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துல போச்சு. முதல் பக்கம் கம்பவுண்டர் மகளுக்குக் காதுகுத்து. படம் போட்ட பக்கம் கண்ணாடிக்கடை பாய் தம்பியோட நிக்காஹ்ல. எல்லாரும் உங்களை மாதிரியே வந்து கேட்டாங்கம்மா. கடைசிப் பக்கம்தான் எங்க போச்சுன்னு தெரியலை."

இப்படித்தான் எங்கள் சங்கம் பிறந்தது. ஒரே கதையைத் துண்டு துண்டாக வைத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நாயக்கரின் சோடா பாக்டரி பின்கட்டில் கூடினோம். நாயக்கருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. அட்டைப் படத்தில் இருந்த ராக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா செக்ரெட்ரி, நம்ம சோடா பாட்டில படம் போட்டுகீறான்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர் அவர். கம்பவுண்டர் படிப்பார், நான் தமிழில் சொல்வேன், பாய் படத்தைக் காட்டுவார். கடைசிப் பக்கம் இல்லாததால் முடிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வோம். அப்புறம் அடுத்த கட்டு வரும், அடுத்த கதை.

சும்மா படித்துவிட்டுப் போயிருந்தால் பிரச்சினையே இல்லை. கம்பவுண்டரின் காகிதத்தில் வாசகர் கடிதம் என்று ஒரு பகுதி இருந்ததுதான் வினை. அதில் எழுதுகிற ஒவ்வொருவனும் முதல் வரியிலேயே தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் கதையைப் பற்றிப் பேசுவான். நான் பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட், நான் ரேடியோ இன்ஜினியர், நான் பாலம் கட்டுகிறவன் என்று. செக்ரெட்டரி அதை மூன்று தடவை படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். அமெரிக்காவில் சயின்ஸ் தகுதியைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடவே முடியாது போலிருக்கிறது. நாம் இத்தனை நாள் முறைகேடாகப் படித்திருக்கிறோம்.

அன்றைக்கே மினிட்ஸ் நோட்டில் முதல் விதி ஏறியது: அறிமுகம் முடிந்த பிறகே கதை.

ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து பேரையும் தெரியும். அப்படியும் ஒவ்வொரு ஞாயிறும் செக்ரெட்டரி எழுந்து, ஒவ்வொருவராகக் கையைக் காட்டி, மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார். வாராவாரம் தகுதி வளரும். நாயக்கர் முதல் வாரம் 'சோடா தயாரிப்பு'. மூன்றாவது வாரம் 'காஸ் எக்ஸ்பர்ட்'. தீபாவளிக்குள் 'ஹை பிரஷர் காஸ் மற்றும் வெடிப்பு எக்ஸ்பர்ட்'. கோலி சோடா பாட்டில் அவ்வப்போது வெடித்துத்தானே வந்தது, அதனால் நாயக்கருக்கும் மறுப்பு இல்லை. மூக்குக் கண்ணாடி விற்கிற பாய் 'தொலைதூர ஒளி எக்ஸ்பர்ட்' ஆனார். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தைக் கலக்கி பாட்டிலில் அளவுக் கோடு ஒட்டித் தருகிற கம்பவுண்டர் 'டாக்ஸிகாலஜிஸ்ட்' ஆனார். விஷம் தெரிந்தவர் என்று அர்த்தமாம். நாயக்கரின் நாயைக்கூட விடவில்லை. 'ராக்கெட்டில் அனுப்பத் தோதான எடை' என்று மினிட்ஸில் இருந்தது.

என்னை மட்டும் வாராவாரம் ஒரே மாதிரி. "இவங்க ஃபிஸிக்ஸ், பி.எஸ்ஸி." அவ்வளவுதான். நாய்க்குக் கிடைத்த கௌரவம்கூட எனக்கு இல்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன் சார், எனக்கு ஒரு எக்ஸ்பர்ட் போட்டாக் குறைஞ்சா போயிடும்?"

அவர் ரொம்பச் சங்கடப்பட்டார். "புரூஃப்ல குறை இருந்தா சேர்ப்பேன்மா. சரியா இருக்கறதுல கை வெச்சுப் பழக்கமில்லை" என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் அவருக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

அவருடைய சொந்தத் தகுதி என்ன? அது எங்களில் யாருக்கும் தெரியாது. நாலு பேரையும் நாயையும் முடித்துவிட்டுத் தன் முறை வந்ததும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பார். "நேரமாச்சு, கதையை ஆரம்பிக்கலாம்" என்பார். ஒரு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

நான் எப்படி வீட்டை விட்டு வந்தேன் என்று கேட்பீர்கள். என் கணவருக்கு டெல்லியில் உத்தியோகம். வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். டெல்லிக்குப் போக ஹிந்தி வேண்டாமா? அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தியாகராய நகரில் ஹிந்தி வகுப்பில் இருந்தேன். அதாவது எங்காத்துக் கணக்கில்.

ஒரு தரம் பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு மாமியிடம், "எங்காத்து மாட்டுப்பொண் ஹிந்தி பேசுவா, ஏதாவது கேளுங்கோ" என்று மாமியார் இழுத்துவிட்டார். என் உயிர் போய் உயிர் வந்தது. பாய் தன் கடையில் கண் பார்க்கும்போது சொல்கிறதுதான் எனக்குத் தெரிந்த ஹிந்தி. "ஊப்பர் தேக்கோ. நீச்சே தேக்கோ. சாஃப் தீக்தா ஹை?" என்றேன் கம்பீரமாக. மேலே பார், கீழே பார், தெளிவாகத் தெரிகிறதா என்று அர்த்தம். அந்த மாமி உத்தரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "பஹுத் சாஃப்" என்றாள். சாஃப் என்றால் சுத்தம் என்றும் அர்த்தம், வீடு சுத்தமாக இருக்கிறதா என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, ஒன்றும் விழாததால் திரும்பி வந்திருந்த சமயம். ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் கறுப்புக் காகிதம். தபாலாபீஸில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். எங்கள் செக்ரெட்டரிக்கும் தெரியும். தெரிந்தும் அந்த அமெரிக்கப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் போட்டார். "படிச்சா படிக்கட்டும், நல்ல விஷயம்தானே" என்றார். இங்கிலீஷில் தானே எழுதி, தானே புரூஃப் பார்த்து, ஒரு காற்புள்ளி பிசகாமல் அனுப்பினார். அதில் எங்களை அறிமுகம் செய்திருந்தார். மந்தைவெளியில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, இன்ன விலாசத்தில், ஒரு வெடிப்பு எக்ஸ்பர்ட், ஒரு தொலைதூர ஒளி எக்ஸ்பர்ட், ஒரு விஷ எக்ஸ்பர்ட், ஒரு ஃபிஸிக்ஸ் பி.எஸ்ஸி. கூடுகிறோம், ராக்கெட், மரணக் கதிர் ஆகியவற்றில் ஈடுபாடு, எந்த நாட்டவரும் வரலாம்.

ஆறு வாரம் கழித்து ஒருவர் வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கட்டை மீசை. நாங்கள் அறிமுகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். "உங்க லெட்டரைப் படிச்சேன்" என்றார்.

செக்ரெட்டரிக்கு முகமெல்லாம் பல். "அச்சாயிடுச்சா சார்? எந்த இதழ்ல?"

"அச்சாகலை. முன்னாடியே படிச்சேன்."

"அப்போ சார் பத்திரிகை ஆபீஸா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன். வர்ற லெட்டர், போற லெட்டர் எல்லாம் படிக்கிற ஆபீஸ்."

எடிட்டர்! அமெரிக்காவிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறான்! நாயக்கர் தானே ஓடிப் போய்ப் பன்னீர் சோடா உடைத்துக்கொண்டு வந்தார். செக்ரெட்டரி சட்டை பட்டனைப் போட்டார். முதல் முதலாகப் புது ஆள் ஒருவருக்கு எங்களை அறிமுகம் செய்யப் போகிறார். வந்தவர் ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். செக்ரெட்டரி தகுதியைச் சொல்ல, அவரவர் எழுந்து இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டோம்.

"வெடி சமாச்சாரத்துல இன்னா டவுட்டுன்னாலும் நம்மளாண்ட கேளு சார்" என்றார் நாயக்கர். "முந்தாநேத்து கூட ஒண்ணு வெடிச்சிது. கூரை ஓடு பிச்சிக்கினு போயிடுச்சி."

"எங்கே வெச்சிருந்தீங்க?"

"தோ, கெணத்தாண்ட. இன்னும் நெறைய கீது சார், பாக்கறியா?"

பாய் எழுந்தார். "நம்ம லெவல் லென்ஸ் மெட்ராஸ்லயே கிடையாது ஸாப். சாந்தோம் கடற்கரையில நின்னா, கப்பல்ல யார் யார் நிக்கறாங்கன்னு சொல்லிடலாம்."

"கப்பலைப் பார்க்கறதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை முடியாது, இங்க வந்துடறேன். மத்த நாள்ல டைம் கிடைச்சா பார்ப்பேன்."

கம்பவுண்டர் அடக்கமாகச் சொன்னார்: "எவ்வளவு கொடுத்தா ஆள் பிழைப்பான், எவ்வளவு கொடுத்தா போயிடுவான், அதெல்லாம் நம்ம கையிலதான் சார்."

வந்தவர் அதையும் எழுதிக்கொண்டார். "இந்தம்மா?"

"இவங்க ஃபிஸிக்ஸ், பி.எஸ்ஸி." என்றார் செக்ரெட்டரி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அமெரிக்காவிலிருந்து வந்தவர் முன்னால்கூட இந்த மனுஷன் எனக்கு ஒரு எழுத்து சேர்க்க மாட்டேனென்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க?"

செக்ரெட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு சார். கதையை ஆரம்பிச்சிடலாமா?"

"இருங்க. நானும் அறிமுகம் பண்ணிக்கணும் இல்லையா? அதானே உங்க விதி." அவர் எழுந்து நின்றார். "நான் போலீஸ் இன்ஸ்பெக்டர். சயின்ஸ் தகுதி, கைவிலங்கு. வெளியே ரெண்டு கான்ஸ்டபிள் நிக்கறாங்க."

கான்ஸ்டபிள்கள் வெளியே நாயக்கரின் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். யுத்த காலம். வெடி, விஷம், கப்பலை வேவு பார்ப்பது, வெளிநாட்டுக்குக் கடிதம். ஐந்து பேரையும் இப்போதே உள்ளே தள்ளலாம், விசாரணைகூட வேண்டாம், யுத்தம் முடிகிற வரைக்கும் கம்பிதான். எனக்கு ஜெயில்கூட அப்புறம். அபிராமபுரத்தில் என்ன சொல்வார்கள்? ஹிந்தி படிக்கப் போனவள் போலீஸ் வண்டியில் வந்தாள் என்று டெல்லிக்குக் கடிதம் போகும். அந்த வீடு கிடைக்கவே கிடைக்காது.

"இன்னா நைனா இது, புள்ளகுட்டிக்காரன் நைனா நானு" என்று நாயக்கர் அழவே ஆரம்பித்துவிட்டார்.

செக்ரெட்டரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "சார், அந்த நோட்டை ஒரு நிமிஷம் கொடுங்க. அதுல தப்பு இருக்கு. என்னுடைய தப்பு. திருத்திக் கொடுத்திடறேன்."

இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, கொடுத்தார்.

அந்தக் காட்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு வருஷம் முழுக்க ஒவ்வோர் எழுத்தாக எங்களை உயர்த்திய மனிதர், ஒவ்வொன்றாக அடித்தார். 'வெடிப்பு எக்ஸ்பர்ட்' மேல் கோடு. ஓரத்தில் 'கோலி சோடா'. அடிப்பதற்கு முன்னால் நாயக்கரை நிமிர்ந்து பார்த்தார். "எய்து செக்ரெட்ரி, பொய்யா இன்னா? சோடாதானே" என்று நாயக்கர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'தொலைதூர ஒளி'யை அடித்து 'மூக்குக் கண்ணாடி'. பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'டாக்ஸிகாலஜிஸ்ட்' போய் 'கம்பவுண்டர்' வந்தது. கடைசியில் கீழே, காலியாக இருந்த வரியில், பொடி எழுத்தில் தன்னையும் எழுதினார். 'புரூஃப் ரீடர், கல்யாணப் பத்திரிகை. எட்டாம் வகுப்பு.' இதைச் சொல்லக் கூசித்தானா ஒரு வருஷமாகக் கடிகாரத்தைப் பார்த்தார் இந்த மனுஷன்!

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கிணற்றடியில் அடுக்கியிருந்த கோலி சோடா பாட்டில்களைப் பார்த்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு கிளம்பியது. "அட சோடாக்காரங்களா!" என்றார். "ஆறு வாரமா என் தூக்கத்தைக் கெடுத்தீங்களே!" அப்புறம் நோட்டில் மிச்சமிருந்த ஒரு வரியைப் பார்த்தார். "இதை விட்டுட்டியே. ஃபிஸிக்ஸ்?"

"அடிச்சுடுங்கோ" என்று நான் கத்தினேன். "நான் ஒண்ணுமில்லே. நான் ஹிந்தி கிளாஸுக்கு வந்தவ."

"அதானே. எந்த வீட்டுப் பொம்பளையோ. பத்திரமா வீட்டுக்குப் போம்மா" என்று இன்ஸ்பெக்டரே தன் பேனாவால் என் வரியை அடித்தார்.

நான் தப்பித்தேன். மூச்சு வந்தது. அப்போது செக்ரெட்டரி குனிந்து, அடித்த வரிக்கு அடியில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"என்னய்யா இது?"

"அடிச்சது தப்பு, அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம் சார். பிரஸ்ல இந்தப் புள்ளி விழுந்துட்டா முதலாளியே வந்தாலும் எடுக்க மாட்டாங்க."

"யோவ், அந்தம்மாவை நான் காப்பாத்தி அனுப்பறேன். நீ புள்ளி வெக்கறியா?"

"மத்ததெல்லாம் நான் சேர்த்தது சார். அடிச்சேன். இது அவங்க படிச்சது. இதுல நான் கை வெக்க முடியாது, நீங்களும் வெக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "பொம்பளை ஃபிஸிக்ஸ்! சாம்பார்ல ஃபிஸிக்ஸ் போடுவாங்களோ?" கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், போய்த் தொலையட்டும், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று என் புத்தி சொன்னது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நானே அடிக்கச் சொன்ன வரிதான் அது. ஆனால் சாம்பார் என்று சொன்னான் பாருங்கள், அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேரே போய் ஒரு சோடா பாட்டிலை எடுத்தேன். "முந்தாநாள் இது ஏன் வெடிச்சதுன்னு தெரியுமா உங்களுக்கு? வெயில்ல வெச்சார் நாயக்கர். போன வாரமே வேண்டாம்னேன், கேக்கலை. சூடு ஏற ஏற உள்ள இருக்கற காஸுக்கு அழுத்தம் ஏறும். தண்ணில கரைஞ்சதும் வெளில வரும். கழுத்தைக் கோலி அடைச்சிண்டிருக்கு, வழி இல்லை. கண்ணாடி எங்க மெல்லிசோ அங்க பிளக்கும். கணக்குப் போட்டுக் காட்டட்டுமா?" தரையில் கிடந்த கரித்துண்டை எடுத்துச் சுவரில் போட்டே காட்டினேன். நாலு வரி. நாயக்கர் வாயைப் பிளந்து நின்றார். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஓஹோ" என்றார். "அப்போ வெடி சமாச்சாரம் தெரிஞ்சது இந்தம்மாவுக்குத்தான்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மத்த நாலு பேரும் பொய்னு ஆயிடுச்சு. அவங்க போகலாம். நிஜம்னு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, அது நீங்க. நீங்கதான் ஸ்டேஷனுக்கு வரணும்."

நாலு பேரும் போகவில்லை. நாயக்கர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். எந்த வீடு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாமனார் பெயரைச் சொன்னேன். வக்கீல் பெயரைக் கேட்டதும் அவர் கொஞ்சம் இறங்கினார். "சரி. வீட்டுக்கே போவோம். இந்த வெடி ஞானம் காலேஜ்ல வந்ததுதான்னா சரி. நீங்க யாருன்னு உங்க மாமனார் சொல்லி, சர்டிஃபிகேட்டைக் காட்டட்டும். இல்லைன்னா வண்டியில ஏறிடுங்க."

ஆக, மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் வரைக்கும் ஊர்வலம். முன்னால் இன்ஸ்பெக்டர், நடுவில் நான், பின்னால் செக்ரெட்டரி, பாய், கம்பவுண்டர், ஒரு கூடை சோடாவுடன் நாயக்கர், ராக்கெட்டுக்குத் தோதான நாய், கான்ஸ்டபிள்கள். வழியெல்லாம் ஜன்னல் திறந்தது.

மாமனார் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "இவ எங்காத்து மாட்டுப்பொண்" என்றார்.

"அது சரி சார். ஃபிஸிக்ஸ் உண்டா, இல்லையா?"

மாமனார் முப்பது வருஷம் சாட்சிகளை அந்த இரண்டு வார்த்தையில் மடக்கியவர். உண்டா, இல்லையா? இல்லை என்றால் நான் வண்டியில் ஏற வேண்டும். உண்டு என்றால் எங்காத்தில் பேச்சே எடுக்காத படிப்பைத் தெரு வாசலில் கூடியிருக்கும் இத்தனை பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். எழுந்து உள்ளே போனார். டிரங்க் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சர்டிஃபிகேட் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. பாய் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார், அது ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் படிக்கட்டுமா?" என்றார் செக்ரெட்டரி.

வாங்கினார். முதலில் மனசுக்குள் ஒரு தடவை புரூஃப் பார்த்தார், பழக்கதோஷம். அப்புறம் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, என் மாமனாரைப் பார்த்து, மாமியாரைப் பார்த்து, பிறந்தகம் வந்து சமையலறை வாசலில் நின்ற நாத்தனாரைப் பார்த்து, கையை என் பக்கம் காட்டினார். "எல்லாருக்கும் வணக்கம். இவங்க ஃபிஸிக்ஸ், பி.எஸ்ஸி. முதல் வகுப்பு" என்றார். பல்கலைக்கழகம் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும், என் பெயரோடு, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தார். மூன்று வருஷம் நான் சாதம் போட்ட மனுஷர்களுக்கு என்னை ஒருவர் அறிமுகம் செய்துவைக்கிறார். எனக்குக் கண்ணை மறைத்தது. யார் முகமும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "அப்போ சரி" என்றார். போகிற போக்கில் கம்பவுண்டரிடம், "ஆமா, உங்க லெட்டர்ல இருக்கே, அந்த வியாழக் கிரகத்துல ஒருத்தன் கதவைத் திறந்தானே, என்னய்யா ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டார். கடைசிப் பக்கம் இல்லை என்றதும் அவர் முகம் தொங்கிப் போனது.

மாமனார் செக்ரெட்டரியை மேலும் கீழும் பார்த்தார். "நீர் யார் ஓய்?"

செக்ரெட்டரி எங்காத்துச் சுவரில் கடிகாரத்தைத் தேடினார். "நேரமாச்சு சார்" என்று முனகினார்.

எனக்குத் தாங்கவில்லை. இந்த ஒரு தடவையாவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமனார் முன்னால் நான் அப்படி நின்றதே இல்லை, அவர் பக்கம் கையைக் காட்டினேன். "இவர்..." என்று ஆரம்பித்தேன்.

மாமியார் தூணிலிருந்து கையை எடுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டி" என்றார். "அப்போ ஹிந்தி?"